எட்டுக் கைச் சரவிளக்கு, ஒரு தூக்கு லாம்பு, ஒரு பனையோலை மூடி: எந்த எல்.ஈ.டி. பல்ப் போடுவது?

வளவுக்காரி (கொக்குவில்):

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது அம்மப்பா காலத்து நாற்சார் வீடு. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் பெயின்ற் வேலை முடிந்துவிட்டது. திருவிழா 25 நாளும் ஆட்கள் வந்து போவார்கள், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்து. சரி, லைற் விஷயத்தையும் இந்த முறை ஒழுங்காகச் செய்து முடிப்போம் என்று ஏணியில் ஏறினேன். இன்னும் இறங்கவில்லை.

ஹோலில் பித்தளைச் சரவிளக்கு, எட்டுக் கை. கொழும்பில் வாங்கியது. மெழுகுதிரி மாதிரி நிமிர்ந்து நிற்கிற சின்ன ஸ்க்ரூ பல்ப் போடவேண்டும். இவ்வளவு நாளும் பழைய இழைப் பல்ப்தான், ஒவ்வொன்றும் 40 வாட். விறாந்தையில் அம்மப்பாவின் தூக்கு லாம்பு. மண்ணெண்ணெய்க் காலத்துச் சாமான். பிறகு யாரோ உள்ளே ஒரு பின் ஹோல்டர் (பல்பை அழுத்தித் திருப்பிப் பூட்டுகிற வகை) வைத்துக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். சுற்றி பால் நிறக் கண்ணாடிக் கூடு. அதில் 9 வாட் எல்.ஈ.டி. போட்டால் நாலு மாதம் தாங்காது. இந்த வருடம் இரண்டு போய்விட்டது. மூன்றாவது, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்ட பனையோலை மூடி.

அந்தப் பனையோலை மூடிக்கென்று ரொறன்ரோவில் இருந்து மச்சாள் ஆறு பல்ப் கொண்டுவந்தா. உள்ளே மஞ்சள் நூல் தெரிகிற பழைய காலப் பல்ப் போலிருக்கும், ஆனால் எல்.ஈ.டி. நல்ல வடிவு. ஸ்க்ரூ ஹோல்டரில் பிசகில்லாமல் பூட்டுப்பட்டது. சுவிச்சைப் போட்டேன். நீலமாக ஒரு வெட்டு, “பட்” என்று ஒரு சத்தம், பிறகு கருகின மணம். மிச்சம் ஐந்தும் பெட்டியோடு இருக்கிறது. பல்ப் பழுதா, எங்கள் வயரிங் பழுதா?

சுவிச்சுப்பெட்டி (திருநெல்வேலி):

அக்கா, பல்பும் பழுதில்லை, வயரிங்கும் பழுதில்லை. பெட்டியில் 120 வோல்ட் என்று போட்டிருக்கும், பாருங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு 230. அங்கத்தைய ஸ்க்ரூ 26 மில்லிமீற்றர், இங்கே 27. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் கைக்குத் தெரியாது, அதனால் வடிவாகப் பூட்டுப்படும். அதுதான் வில்லங்கம். பூட்டுப்படாமல் இருந்திருந்தால் நீங்களும் தப்பியிருப்பீர்கள், பல்பும் தப்பியிருக்கும்.

மிச்ச ஐந்தையும் போட்டுப் பார்க்கவேண்டாம். மச்சாள் திரும்பும்போது கொடுத்துவிடுங்கள்.

வளவுக்காரி (கொக்குவில்):

பார்த்தேன். 120 என்றுதான் இருக்கிறது, எறும்பு அளவு எழுத்தில். கண்ணாடி போட்டும் போனில் பெருப்பித்துத்தான் வாசித்தேன்.

ஸ்காபரோமச்சான் (கனடா):

ஐயோ. போன வருடம் அம்மாவுக்கு நானும் ஒரு டசின் அனுப்பினேன். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

லண்டனில் இருக்கிற தம்பியிடம் சொல்லி வாங்கினால் சரிவருமா?

சுவிச்சுப்பெட்டி (திருநெல்வேலி):

லண்டன் என்றால் பிரச்சினை இல்லை அண்ணை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எங்கள் வீடுகளில் இருக்கிற பின் ஹோல்டரும் அவர்களிடம் இருந்து வந்ததுதான், 22 மில்லிமீற்றர். சரவிளக்குக்குப் போடுகிற சின்ன ஸ்க்ரூ அங்கேயும் 14 மில்லிமீற்றர். கனடாவில் அந்த அளவுக்கு 12 மில்லிமீற்றர்தான் பாவிப்பார்கள், அது இங்கே பூட்டுப்படாது. நல்ல காலம்.

ஆனால் ஒரு பல்புக்காக லண்டனுக்குப் போன் எடுக்கவேண்டிய தேவை என்ன? யாழ்ப்பாணத்திலேயே எல்லாம் கிடைக்கிறது. கிடைப்பதில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

நாலுசதம் (சாவகச்சேரி):

நான் காசுக் கணக்குச் சொல்கிறேன். எட்டு 40 வாட் என்றால் 320 வாட். பின்னேரம் ஆறில் இருந்து பத்து வரை நாலு மணித்தியாலம். ஒரு நாளைக்கு 1.28 யூனிட், 30 நாளைக்கு 38.4. அதே இடத்தில் 4 வாட் எல்.ஈ.டி. எட்டுப் போட்டால் 32 வாட்; மாதம் 3.84 யூனிட். 60 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் படியே மாறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த 60இல் பாதிக்கு மேல் இந்த ஒரு சரவிளக்கே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கடையில் எது மலிவோ அதில் எட்டை அள்ளிக்கொண்டு வாருங்கள். மலிவானதும் எல்.ஈ.டி.தான், விலை கூடினதும் எல்.ஈ.டி.தான்.

பழையலாம்பு (வட்டுக்கோட்டை):

தம்பி, கணக்குச் சரி. முடிவு பிழை. 35 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன், சிவப்புப் பேனையைக் கீழே வைக்க மனம் வருகுதில்லை.

40 வாட்டில் இருந்து 4 வாட்டுக்கு வருவதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. எந்த எல்.ஈ.டி. வாங்கினாலும் அந்த மிச்சம் கையில் வந்துவிடும். அதற்குப் பிறகு 4 வாட்டா 3 வாட்டா என்று மல்லுக்கட்டினால், எட்டுப் பல்புக்கும் சேர்த்து மாதம் ஒரு யூனிட்கூட வராது. ஆகவே மூளையைச் செலவழிக்கவேண்டிய இடம் வேறு.

சாதாரண கூரை லைற்றில் பல்ப் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். சரவிளக்கில் பல்பையே பார்த்துக்கொண்டு இருக்கிறோம். அலங்கார விளக்குக்குப் பல்ப் வாங்குவது மற்ற இடத்துக்கு வாங்குவதைப் போல் இல்லை என்பதற்கு இதுதான் காரணம். ஒரு மெழுகுதிரி தருவது ஏறத்தாழ 12 லுமன். எட்டுக் கைச் சரவிளக்கு என்ற வடிவமே மெழுகுதிரிக்காக உண்டானது. எட்டும் எரிந்தால் மொத்தம் 100 லுமன். இப்போது 40 வாட் பல்புக்குப் பதில் என்று கடைக்காரர் தருகிற 4 வாட் எல்.ஈ.டி. ஒவ்வொன்றும் 400 லுமனுக்கு மேல். எட்டுக்கும் கூட்டினால் 3200. கண்ணாடி தெளிவான பல்ப் என்றால் அந்த நூலைப் பார்த்தவர் ஹோலைத் தாண்டும்வரை கண்ணுக்குள் பச்சைக் கோடு ஓடும். 2 வாட், 200 லுமன் சொச்சம் போதும். அதுவே பல்புக்குப் பதினாறு மெழுகுதிரி.

வாட் என்பது பல்ப் எவ்வளவு தின்கிறது என்ற கணக்கு. எவ்வளவு தருகிறது என்பதற்கு லுமன் பார்க்கவேண்டும். பெட்டியில் இரண்டும் இருக்கும், இரண்டாவதைத்தான் யாரும் வாசிப்பதில்லை.

வெளிச்சம் எவ்வளவு போதும் என்று எங்கள் வயதுக்காரரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். 1990க்குப் பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில்தான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையமட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றின திரி. அதைச் சுற்றி ஐந்து தலை. ஒருவன் எழுதத் தலையைக் குனிந்தால் மற்ற நாலு பேருக்கும் இருட்டு. அந்த வெளிச்சத்தில் ஒளியியல் படித்த ஒருவன் பிறகு எஞ்சினியராக வந்தான். இதைச் சொன்னால் மகள், “அப்பா, அதுக்காக இப்பவும் இருட்டுக்குள்ளேயா இருக்கவேணும்” என்பாள். அவள் சொல்வதும் சரி.

முனைக்காற்று (பருத்தித்துறை):

மாஸ்டர் சொன்னது விளங்குகிறது. ஆனால் நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. மஞ்சள் லைற் எனக்குப் பிடிப்பதே இல்லை. வீடு முழுக்க வெள்ளைதான். மஞ்சள் போட்டால் செத்தவீடு மாதிரி ஒரு சோகம்.

வளவுக்காரி (கொக்குவில்):

அம்மாவும் அதைத்தான் சொல்கிறா. “வெள்ளை போடு, பளிச்சென்று இருக்கும்.” எனக்கோ பித்தளைக்கு வெள்ளை போட்டால் ஆஸ்பத்திரி மாதிரித் தெரிகிறது.

பழையலாம்பு (வட்டுக்கோட்டை):

மஞ்சள், வெள்ளை என்று பெட்டியில் இருக்காது. கெல்வின் என்ற சூட்டுக் கணக்கில் இருக்கும். 2700 என்றால் பழைய இழைப் பல்பின் நிறம். 3000 அதற்குக் கொஞ்சம் வெளுப்பு. 4000 நடு. கடைகளில் டேலைட் என்று விற்பது 6500, மேகம் மூடின பகல் வானத்தின் நிறம். மெழுகுதிரி 1900 அளவில். எண் ஏற ஏற நீலம் கூடும். தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பவேண்டாம்.

பித்தளை, செம்பு, தேக்கு, பனையோலை எல்லாம் மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிற பொருட்கள். 6500இல் அவற்றுக்குத் திருப்பி அனுப்ப அதிகம் இருக்காது. பித்தளை பச்சை பூத்த மாதிரி வெளுக்கும். முனைக்காற்றின் வீட்டில் வெள்ளைச் சுவரும் மாபிள் நிலமும் என்றால் அவருக்கு வெள்ளை சரியாகத்தான் இருந்திருக்கும். வீட்டைப் பொறுத்த விஷயம் இது.

இன்னொரு எண் உண்டு, சீ.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு. இழைப் பல்புக்கு 100. பொதுவாக விற்கிற எல்.ஈ.டி.க்கு 80. 90க்கு மேலும் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. எல்.ஈ.டி. உள்ளே உண்மையில் நீலத்தில்தான் எரிகிறது. மேலே பூசிய மஞ்சள் பொஸ்பர் அதில் ஒரு பகுதியை மாற்றி வெள்ளையாக்குகிறது. அந்த நீல எல்.ஈ.டி.யைச் செய்த மூன்று யப்பானில் பிறந்த விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான பூச்சில் முதலில் குறைபடுவது கடும் சிவப்பு. 80 என்ற எண்ணைக் கணக்கிடும்போது அந்தக் கடும் சிவப்பைச் சேர்ப்பதும் இல்லை. அதனால் 80 எடுத்த பல்பிலும் சிவப்பு பெயிலாகி இருக்கலாம், ரிப்போர்ட்டில் தெரியாது.

கடையில் பல்பை எரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, கீழே உங்கள் உள்ளங்கையைப் பிடியுங்கள். கை கையின் நிறத்தில் தெரியவேண்டும். சாம்பல் பூசின மாதிரி இருந்தால் அது குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கிற இடத்துக்குப் போதும்.

கூறைச்சேலை (மானிப்பாய்):

மாஸ்டர் சொன்ன சிவப்பை நான் அனுபவத்தில் பார்த்தேன். மகளின் கலியாணச் சடங்குக்கு ஹோல் முழுக்க மலிவான வெள்ளை பல்ப் மாற்றினோம். படம் வந்த பிறகு பார்த்தால் அரக்குக் கூறை எல்லாம் கோப்பி நிறம். குங்குமம் கறுப்பு. படம் எடுத்த பிள்ளையைப் பேசிப்போட்டேன், பாவம். பிறகு அதே சேலையை வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தபோதுதான் பிழை அவனில் இல்லை என்று தெரிந்தது. சாமி அறைக்காவது 90 போடுங்கள் பிள்ளை.

சுவிச்சுப்பெட்டி (திருநெல்வேலி):

இப்போது தூக்கு லாம்புக்கு வருவோம். நாலு மாதத்தில் பல்ப் போவதற்குக் காரணம் சூடு.

எல்.ஈ.டி. சுடாது என்று சொல்வார்கள். பாதி உண்மை. பழைய பல்ப் தன் சூட்டைக் கதிராக வெளியே எறிந்துவிடும், அதனால் கீழே நிற்கிறவருக்குச் சுடும், பல்புக்கு ஒன்றும் இல்லை. எல்.ஈ.டி. அப்படி எறியாது. சூடு கழுத்து வழியாகத்தான் போகவேண்டும். அந்தக் கழுத்துக்குள்தான் டிரைவர் இருக்கிறது, வீட்டுக் கரண்டை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சாமான். டிரைவருக்குள் கரண்டைச் சேர்த்து வைத்து விடுகிற ஒரு சின்ன உருளைக் கபாசிட்டர். பத்துப் பாகை சூடு கூடினால் அந்தக் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும். உங்கள் லாம்பில் பல்ப் தலைகீழாகத் தொங்குகிறது, சூடு மேலே ஏறும், மேலே இருப்பது கழுத்து. சுற்றிவர மூடின கண்ணாடி. பாவம் அது, நாலு மாதம் நின்றதே பெரிய காரியம்.

நான் செத்த பல்ப்களை எறிவதில்லை, கழற்றிப் பார்ப்பேன். மூடின கூட்டில் இருந்து வருகிறதில் பெரும்பாலும் கபாசிட்டரின் தலை பொங்கியிருக்கும், எல்.ஈ.டி. துண்டுகள் நல்லாகவே இருக்கும். பெட்டியில் 25,000 மணித்தியாலம் என்று போட்டிருப்பார்கள். நாளைக்கு நாலு மணித்தியாலம் என்றால் 17 வருடம். வெளிச்சம் எழுபது வீதத்துக்குக் குறைய எடுக்கிற காலக் கணக்கு அது. கபாசிட்டருக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

ஆகவே மூடின கூட்டுக்கு 9 வாட் வேண்டாம். 4 வாட், நூல் மாதிரி எல்.ஈ.டி. தெரிகிற கண்ணாடிப் பல்ப். அதற்குள் ஹீலியம் கலந்த வாயு நிரப்பியிருப்பார்கள், அது சூட்டைக் கண்ணாடி முழுக்கப் பரப்பிவிடும். மூடின கூட்டுக்கு ஆகாது என்று பெட்டியில் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

முனைக்காற்று (பருத்தித்துறை):

எங்களுக்குச் சூட்டை விட உப்புத்தான் எமன். கடற்கரையில் இருந்து முந்நூறு யார் தூரம்தான். பின் ஹோல்டரின் இரண்டு பின்னும் பச்சை பிடித்துவிடும், பிறகு பல்ப் சிமிட்டத் தொடங்கும். ஆட்கள் பல்பைக் குறை சொல்லிக்கொண்டு புதிது வாங்குவார்கள். மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு ஹோல்டரைக் கழற்றி மாற்றினால் பழைய பல்பே எரியும். நான் வெளி விறாந்தைக்குப் பீங்கான் ஹோல்டர்தான் போட்டிருக்கிறேன்.

நாலுசதம் (சாவகச்சேரி):

மாஸ்டர், உங்கள் சிவப்புப் பேனைக்கு வணக்கம். ஆனால் மழைக்காலத்து ஈசலை விட்டுவிட்டீர்கள். ஐப்பசியில் முதல் மழைக்கு அடுத்த நாள் வெள்ளை லைற் போட்ட விறாந்தையில் சாப்பிட ஏலாது, சோற்றுக்குள் செட்டை. பக்கத்து வீட்டில் மஞ்சள், அங்கே பாதிகூட இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மஞ்சளுக்கு என் வாக்கு.

பழையலாம்பு (வட்டுக்கோட்டை):

சரியான அவதானம். பூச்சிகளை இழுப்பது நீலமும் புறஊதாவும். 2700இல் நீலம் குறைவு. முற்றாக வராமல் விடாது, குறையும். சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டிருக்கிறேன்.

வளவுக்காரி (கொக்குவில்):

மூன்று நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டான்லி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். மாஸ்டர் சொன்னபடி கையைப் பல்புக்குக் கீழே பிடித்தேன். கடைப் பொடியன் “அக்கா ரேகை பார்க்கிறீங்களோ” என்று கேட்டான். நாலு பல்பை வரிசையாக எரித்துக் காட்டினான். உண்மையிலேயே கை நாலு நிறம். 2700 என்று போட்டிருந்த இரண்டே ஒன்றுபோல் இல்லை, ஒன்று பச்சையடித்தது. எட்டும் ஒரே பெட்டி வரிசையில் இருந்து எடுக்கவேண்டும் என்று நான் பொடியனிடம் சொன்னது அதன் பிறகுதான். முதலில் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வந்து இரவு பூட்டிப் பார்த்தேன். 4 வாட், கண்ணைக் குத்தியது. அடுத்த நாள் கொண்டுபோய் மாற்றி 2 வாட் எட்டு எடுத்தேன். பொடியன் ஒவ்வொன்றின் கழுத்திலும் பேனையால் திகதி எழுதித் தந்தான், கியாரண்டிக்கு. பில்லோடு வைத்திருக்கச் சொன்னான்.

பூட்டினோம். அம்மாவே “வடிவுதான்” என்றா. ஆனால் இரவு சுவிச்சை நிற்பாட்டின பிறகும் எட்டுப் பல்பும் மெல்லியதாக எரிகின்றன. சாம்பிராணித் தணல் மாதிரி ஒரு மினுக்கம். முதலில் கண் மயக்கம் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்க எழும்பின அம்மா பார்த்துவிட்டா. “அம்மப்பா வந்து நிற்கிறார்” என்று சொல்லி இப்போது ஹோல் பக்கம் இரவில் வருவதில்லை.

ஸ்காபரோமச்சான் (கனடா):

அம்மப்பாவுக்குப் பேரப்பிள்ளை 4 வாட்டைக் குறைத்து 2 வாட் போட்டது பிடிக்கவில்லைப் போல.

கூறைச்சேலை (மானிப்பாய்):

சுவிச்சில் சின்னச் சிவப்பு லைற் இருக்கிறதா பிள்ளை? எங்கள் வீட்டில் அப்படித்தான், அந்தச் சிவப்பு லைற் வழியாக ஒழுகுகிற கரண்டில் பல்ப் மினுங்கியது. சாதாரண சுவிச் மாற்ற நின்றுவிட்டது.

வளவுக்காரி (கொக்குவில்):

இல்லை அன்ரி. பழைய வட்டக் குமிழ் சுவிச். அதில் லைற் ஒன்றும் இல்லை.

சுவிச்சுப்பெட்டி (திருநெல்வேலி):

அப்படி என்றால் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள் அக்கா. பகிடியை விடுவோம்.

சுவிச், கரண்ட் வருகிற லைவ் வயரைத்தான் வெட்டவேண்டும். பழைய வயரிங்கில், அதுவும் கை மாறிக் கை மாறிச் செய்த வீடுகளில், சில இடத்தில் சுவிச், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் இருக்கும். அப்போதும் லைற் எரியும், நிற்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நிற்பாட்டின பிறகும் ஹோல்டருக்குள் லைவ் நிற்கும். பித்தளை உடம்புக்கும் வயருக்கும் இடையில் மிகச் சின்னதாக ஒரு கரண்ட் ஒழுகும். 40 வாட் பல்பின் இழையை அதால் சூடாக்க முடியாது, அதனால் இவ்வளவு வருடம் தெரியவில்லை. 2 வாட் எல்.ஈ.டி.க்கு அந்த ஒழுக்கே போதும், மினுங்கும்.

இது மட்டும்தான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல ஏலாது. சுவிச்சுக்குப் போகிற வயரும் வருகிற வயரும் நீளமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடினாலும் இப்படி வரும், அது ஆபத்தில்லை. எது என்று பார்க்க மீற்றர் வேண்டும். டெஸ்டரை மட்டும் நம்பவேண்டாம், அது சும்மா நிற்கிற வயரிலும் சில நேரம் மங்கலாக எரிந்து காட்டும். நீங்களாக ஹோல்டருக்குள் ஒன்றும் விடவேண்டாம். தெரிந்த இலெக்ற்றீசியன் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: சுவிச் லைவில் இருக்கிறதா, பித்தளைக்கு எர்த் வயர் கொடுத்திருக்கிறதா? அவர் வரும்வரை அந்தப் பல்ப்களைத் தொடுவதென்றால் சுவிச் போதாது, மெயினை நிற்பாட்டுங்கள்.

பழையலாம்பு (வட்டுக்கோட்டை):

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அம்மாவிடம், அம்மப்பா இல்லை, அம்மப்பா கூப்பிட்ட வயர்மன் என்று சொல்லுங்கள்.

முனைக்காற்று (பருத்தித்துறை):

இடையில் ஒரு கேள்வி. ஹோல் லைற்றுக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஃபேன் ரெகுலேற்றர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் பாவிக்கலாமா?

சுவிச்சுப்பெட்டி (திருநெல்வேலி):

கூடாது. ஃபேன் ரெகுலேற்றர் ஃபேனுக்கு. எல்.ஈ.டி.க்கு டிம்மர் போடுவதென்றால் பல்பிலும் டிம்மபிள் என்று இருக்கவேண்டும், டிம்மரும் எல்.ஈ.டி.க்கென்று செய்ததாக இருக்கவேண்டும். பழைய டிம்மர்களுக்குக் குறைந்தது இவ்வளவு வாட் என்று ஒரு கணக்கு உண்டு. 320 வாட்டுக்குப் போட்டதை 16 வாட்டில் விட்டால் பல்ப் துடிக்கும், இரையும். சரவிளக்குக்கு என் வழி வேறு: எட்டில் நாலு ஒரு சுவிச்சில், நாலு இன்னொன்றில். செலவு ஒரு துண்டு வயர்.

இன்வேட்டர் வைத்திருக்கிறவர்களும் கவனியுங்கள். 2022இல் கரண்ட் வெட்டின நேரம் அவசரத்துக்கு வாங்கின மலிவு இன்வேட்டர்கள் பல வீட்டில் இன்னும் இருக்கின்றன. அதில் வருவது மெயின்ஸ் கரண்ட் மாதிரி வழுவழுப்பான அலை இல்லை, சதுர அலை. டிரைவர் என்ற பெயரில் ஒரு கபாசிட்டரை மட்டும் வைத்து விடுகிற மலிவுப் பல்ப்கள் அந்த அலையில் கூடக் கரண்ட் இழுத்துக் கருகும்.

பழையலாம்பு (வட்டுக்கோட்டை):

துடிப்பைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. மெயின்சில் ஓடுகிற மலிவுப் பல்ப் செக்கனுக்கு 100 தரம் மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்கு நேரே தெரியாது, கொஞ்ச நேரத்தில் தலையிடிக்கும். லைற்றுக்குக் கீழே ஒரு பென்சிலைப் பிடித்து விசிறி மாதிரி வேகமாக ஆட்டிப் பாருங்கள். மங்கலான ஒரே பூச்சாகத் தெரிந்தால் நல்ல டிரைவர். தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் கடையிலேயே விட்டுவிடலாம். போன் கமராவில் கறுப்புப் பட்டி ஓடுவதும் அதுதான்.

வளவுக்காரி (கொக்குவில்):

இலெக்ற்றீசியன் இன்றைக்குக் காலமை வந்தார். சுவிச்சுப்பெட்டி தம்பி சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மீற்றரை எடுத்தார். சுவிச் நியூட்ரலில்தான் இருந்திருக்கிறது. ஹோல் மட்டும் இல்லை, சாமி அறையும். எர்த் வயர் கூரைவரை வந்து, அங்கே சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. சரவிளக்கில் பூட்டவே இல்லை. இரண்டையும் சரி செய்ய முக்கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. நாலு நாலாகப் பிரித்தும் தந்தார். இவ்வளவு வருடமும் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு ஈரத் துணியால் அந்தப் பித்தளையைத் துடைத்தது நான்தான். இரவு இப்போது மினுக்கம் இல்லை.

தூக்கு லாம்பில் வேறு ஒரு கதை. 4 வாட் போடுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றினபோது மேல் மூடியைச் சுற்றி நீளமாகக் கீறல் கீறலாக ஓட்டைகள் இருந்தன. எண்ணெய்ப் புகை போக விட்டவை. ஒன்றும் திறந்திருக்கவில்லை. பாதியை மூன்று நாலு தரம் அடித்த பெயின்ற் மூடியிருந்தது, மீதியைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. பழைய திருப்புளியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன், கை நிறைய மண். இப்போது இரண்டு மணித்தியாலம் எரிந்த பிறகும் மேல் மூடியில் கை வைக்கலாம். முன்பு வைக்க முடியாது.

பனையோலை மூடிக்கு 4 வாட், 2700. முன்பு 60 வாட் போட்டிருந்த காலத்தில் ஓலையின் உள்பக்கம் ஒரு வட்டம் கருகி மண்ணிறமாகி இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். பின்னலின் நிழல் மேசையில் விழுகிறது, பாய் விரித்த மாதிரி. தெளிவான கண்ணாடியில் நிழல் கூர்மை, பால் நிறக் கண்ணாடியில் கலங்கிவிடுகிறது. இரண்டையும் போட்டுப் பார்த்துத் தெளிவானதை வைத்தேன்.

அம்மாவுக்குப் பேப்பர் வாசிக்க ஹோல் வெளிச்சம் காணாது என்றா. அது நியாயம், 1600 லுமன் அந்த உயரத்தில் இருந்து இறங்கி வரும்போது கதிரையில் மிச்சம் அதிகம் இல்லை. சரவிளக்கைக் கூட்டாமல், அவவின் கதிரைக்குப் பின்னால் தனியாக ஒரு 7 வாட், 4000 வைத்தேன். அவ கேட்ட வெள்ளையும் கிடைத்தது.

நாலுசதம் (சாவகச்சேரி):

சரவிளக்கு 16, தூக்கு லாம்பு 4, ஓலை 4, அம்மா 7. மொத்தம் 31 வாட். அக்கா, பழைய சரவிளக்கின் ஒரு பல்ப் 40.

ஸ்காபரோமச்சான் (கனடா):

திருவிழாவுக்கு நானும் வருகிறேன். நல்லூருக்குப் போகிற வழியில் கொக்குவிலில் இறங்கி இந்தச் சரவிளக்கைப் பார்க்காமல் விடமாட்டேன். இங்கிருந்து என்ன கொண்டுவர?

வளவுக்காரி (கொக்குவில்):

வாங்கோ, ஆனால் ஒன்றும் கொண்டுவரவேண்டாம். மச்சாள் தன் பெட்டியில் இடம் இல்லை என்று அந்த ஐந்து பல்பையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறா. திரும்பிப் போகும்போது நீங்கள் கொண்டுபோனால் போதும்.